உறக்கமின்மையும் குற்ற உணர்வும்

விழித்திருத்தல் வேறு, உறங்க இயலாதிருத்தல் வேறு. பாஸ்கா திருவிழிப்பு இரவில் கோவிலில் அமர்ந்திருப்பவரும், ஏதோ ஓர் இரவில் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவரும் கண் மூடாதவர்களே. ஆயினும் முன்னவர் விடியலில் ஒன்றைப் பெற்றவராய் வீடு திரும்புகிறார். பின்னவர் ஒன்றைப் பறிகொடுத்தவராய்ப் படுக்கையை விட்டு எழுகிறார். இந்த வேறுபாட்டை மறந்து, உறக்கம் வராத ஒருவரிடம், "கிடைத்த நேரத்தைச் செபத்தில் செலவிடலாமே" என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் நாற்பது வயதைக் கடந்து, மாதவிடாய் நிற்பதற்கு முந்திய இடைக்காலத்தில் இருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லும்போது, அவரிடமிருந்து பறிபோனதையே அவருக்கு வாய்த்த கொடையாகக் காட்டுகிறோம்.

இல்லறம் காணாத குரு ஒருவர் இப்பொருள்பற்றி எழுத முனைவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். இருக்கட்டும். பங்கு இல்லத்தின் முன்னறையில் வந்து அமரும் பெண்கள் தங்கள் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. தங்கள் குணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கோபம் பொங்குகிறது, பிள்ளைகளைக் கண்டபடி பேசிவிடுகிறேன், கணவர் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது, செபமாலை கையில் இருக்கிறது, மனம் ஒட்டவில்லை, நான் கெட்டவளாகிவிட்டேன் சாமி என்கிறார்கள். (ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்பவை வேறு, அவை இங்கு வாரா.) இரவில் எவ்வளவு நேரம் உறங்குகிறீர்கள் என்று கேட்டால், குணத்துக்கும் உறக்கத்துக்கும் என்ன உறவு என்பதுபோல் நம்மை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு மெல்லச் சொல்கிறார்கள்: மூன்று மணிநேரம், சில நாள் அதுவும் இல்லை, இப்படி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

இது ஏன் நேர்கிறது என்பதை இன்றைய மருத்துவம் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். மேலைநாடுகளில் இந்த வயது சராசரியாக 51. நம் நாட்டுப் பெண்களுக்கு 46ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. அதற்கு முந்திய இடைக்காலம் சிலருக்கு ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு ஏழெட்டு ஆண்டுகள். அப்போது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களும் படிப்படியாக இறங்குவதில்லை; தாறுமாறாக ஏறி இறங்குகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தும் இயல்புடையது, அது குறைகிறது. உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி, ஈஸ்ட்ரோஜன் குன்றும்போது சிறு வெப்ப மாறுதலையும் பொறுக்காததாகிறது. உடனே நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறி, வியர்வை பெருகி, சற்று நேரத்தில் உடல் குளிர்ந்து நடுங்குகிறது. இப்பருவத்துப் பெண்களில் 100க்கு 40 முதல் 60 பேர்வரை உறக்கக் கோளாற்றைச் சொல்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. படுத்தவுடன் உறங்கிவிடுபவர்களும் நள்ளிரவுக்குப் பின் விழித்துக்கொள்கிறார்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் ஐந்து மணிக்கு வேலை தொடங்கும் வீடுகளில் அதற்குப்பின் உறக்கத்துக்கு இடமேது?

எல்லாவற்றையும் ஹார்மோனின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டுக் கோளாறு, மிகுந்த உதிரப்போக்கினால் வந்த இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சு தடைப்படுதல், மனச்சோர்வு ஆகியனவும் இவ்வயதில் இதே முகத்தோடு வருவதுண்டு. ஆகவே மருத்துவரைக் காண்பது ஆடம்பரமன்று.

இனி, நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். உறக்கமிழந்த பெண்ணின் கோபம் பாவமா?

குருமடத்தில் அறநெறி இயல் பயிலத் தொடங்கும் மாணவன் முதன்முதலில் கற்கும் பாகுபாடு ஒன்று உண்டு. மனிதன் அறிந்து, விரும்பிச் செய்யும் செயல் ஒன்று. மனிதனிடத்தில் நிகழ்ந்துவிடும் செயல் மற்றொன்று. இருமுவதும் திடுக்கிடுவதும் இரண்டாம் வகை. பாடநூலில் இவற்றின் இடையே ஒரு கோடு இருக்கும்; வாழ்க்கையில் அந்த இடத்தில் அகன்ற வெளி ஒன்று கிடக்கிறது. நம் கோபங்களில் பெரும்பகுதி அந்த வெளியில் பிறப்பவையே. விருப்பம் தீர்மானிப்பதற்கு முன்பே எழுந்து மூளும் உணர்ச்சி, செயலின் குற்றத்தைக் குறைக்கும் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார். அறிவின் தீர்ப்பை அது மங்கச் செய்கிறது, விருப்பத்தின் உரிமையைச் சுருக்குகிறது என்பதே காரணம். ஓராண்டாய் இரவுக்கு மூன்று மணிநேரம் உறங்கிய தாய், பள்ளி வண்டி வாசலில் நிற்கும்போது மகனின் ஒற்றைச் செருப்பு காணவில்லை என்று கத்துகிறாள் என்றால், அக்கத்தலில் அவள் விருப்பத்தின் பங்கு எவ்வளவு? ஓய்ந்த உடலின் பங்கு எவ்வளவு? நிறுத்துச் சொல்ல நம்மிடம் தராசு இல்லை. ஆயினும் நன்றாக உறங்கி எழுந்த ஒருவர் அதே சொற்களைச் சொன்னால் வரும் எடை இதற்கு இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். நான் கெட்டவளாகிவிட்டேன் என்று அழும் பெண்ணிடம் இதைச் சொல்வது வெறும் ஆறுதலன்று. அறநெறிப்படி உண்மையும் அதுவே.

குற்றம் குறைந்தாலும் பிள்ளையின் மனக்காயம் குறைந்துவிடாது. மாலையில் அவனை அருகில் அழைத்துத் தலையைக் கோதி ஒரு சொல் சொல்லவேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. அதைச் செய்யாத தாய்மாரை நாம் அதிகம் கண்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே அறநெறி இயலில் மற்றொரு பாடமும் உண்டு. ஒரு தீமையை நேரே விரும்பாவிட்டாலும், அதற்கு வழிவகுக்கும் காரணத்தை அறிந்தே விட்டுவைப்பவர் அத்தீமையில் பங்காளி ஆகிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனை எண்ணிப் பார்க்கலாம். விபத்தை அவன் விரும்பவில்லை, குடியை விரும்பினான். இந்தப் பாடத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தால் கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. மனைவி இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவதைக் கணவர் அறிவார். மின்விசிறியை அவள் கூட்டுவதும், இவர் போர்வையை இழுத்துக்கொண்டு குறைக்கச் சொல்வதும் பல மாதங்களாக நடப்பவை. அவளை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அவருக்கு வசதியும் உண்டு. இருந்தும், "இது எல்லாப் பொம்பளைகளுக்கும் வர்றதுதானே" என்று விட்டுவிடுகிறார். அடுத்த நாள் காலை வீட்டில் எழும் சண்டையில் அவள் பங்கு குறையக் குறைய, இவர் பங்கு கூடுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே நிற்கும் வரிசையில் அவள்தான் நிற்கிறாள். அவர் வெளியே மரநிழலில் வண்டியின்மேல் சாய்ந்திருக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. "நாங்களெல்லாம் இதைக் கடந்து வரவில்லையா?" என்று கேட்கும் மாமியார்கள் உண்மையில் கடந்து வந்தவர்களே. துன்பத்தை ஒப்புக்கொடுக்கும் மரபும் நம்மிடையே ஆழ வேரூன்றியது. அதை ஏளனம் செய்பவர் அதனால் தாங்கப்பட்ட உயிர்களை அறியாதவர். ஆனால் தீர்க்க இயலாத துன்பத்தை ஏந்துவதற்கே அம்மரபு நமக்குத் துணை நிற்கிறது. பல்வலிக்கு மருத்துவரிடம் போகாதே, ஒப்புக்கொடு என்று எந்தப் பங்குத்தந்தையும் சொல்வதில்லை. பெண்ணின் உடலுக்கு மட்டும் இந்த அறிவுரை ஏன் இவ்வளவு விரைவாக நாவில் வந்துவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், துயரைத் தணிப்பவை எவை என்று தனியே ஆராய்கிறார். இன்பம், கண்ணீர், நண்பரின் உடன்வருத்தம், உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றை எண்ணிவந்தவர், அதே வரிசையில் உறக்கத்தையும் குளியலையும் வைக்கிறார். முதன்முறை படிக்கும் குருமட மாணவர்கள் இவ்விடத்தில் சிரித்துவிடுவதுண்டு. அவர் சிரிக்கவில்லை. உடலின் இயக்கத்தைத் தன் இயல்பு நிலைக்குத் திருப்புவது எதுவோ அது துயருக்கும் மருந்தாகும் என்று காரணம் காட்டுகிறார். தாய் மோனிக்கம்மாள் இறந்த துக்கத்தில் உறங்கி எழுந்தபின் தம் துயர் தணிந்திருந்ததாகப் புனித அகுஸ்தினார் எழுதியதைச் சான்றாகத் தருகிறார். உடலை ஆன்மாவின் வெறும் சிறையாகக் கருதாத மரபில் நின்று பேசுகிறார் அவர்.

இதைவிட வியப்பானது ஆறாம் நூற்றாண்டில் எழுந்த புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல். துறவிகளை நள்ளிரவு கடந்ததும் எழுப்பிச் செபிக்கச் சொன்ன நூல் அது. ஆயினும் குளிர்காலத்தில் பாதி இரவுக்குச் சற்று மேலாக உறங்கி, உண்டது செரித்தபின்பே அவர்கள் எழவேண்டும் என்று கணக்கிடுகிறது. இரவு குறுகிய கோடைக்காலத்தில் நண்பகல் உணவுக்குப்பின் படுக்கையில் ஓய்வெடுக்க இடம் தருகிறது. அந்நேரத்தில் படிக்க விரும்புபவர் பிறரைத் தொந்தரவு செய்யாமல் படிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. விழிப்பைத் தவமாகக் கொண்ட மனிதர் உறக்கத்தை இப்படி எண்ணி எண்ணி அளந்து கொடுத்திருக்கிறார். நம் வீட்டுத் தாய்மாருக்கு அந்த ஒழுங்கு இல்லை. மதியம் சற்றுத் தலைசாய்த்தால் வாசலில் மணி அடிக்கும்.

மருந்து உண்டா என்றால் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நீண்டநாள் உறக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரையன்று, பழக்கப் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுத்தல், சுமார் இருபது நிமிடம் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் அமைதியாக இருத்தல், படுக்கையில் வெறுமனே கிடக்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியன அதன் கூறுகள். முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். உறக்கத்தைக் கெடுப்பது அனல் ஏற்றமே எனில் ஹார்மோன் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் அபாயம் கருதி இடையில் நிறுத்தப்பட்டதும் உலகெங்கும் அச்சம் பரவியது. அவ்வாய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அபாயம் குறைவு என்பதும் அந்த அச்சத்தின் வேகத்தில் பலருக்கு எட்டவில்லை. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இச்சிகிச்சை ஏற்றதன்று. ஹார்மோன் அல்லாத ஃபெசோலினெட்டன்ட் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஈரலைச் சோதித்துக்கொண்டே அதைத் தரவேண்டும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தந்த தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்பழக்கம் விட்டுவிலகுவது எளிதன்று.

வீட்டார் செய்யக்கூடியவை இன்னும் எளியவை. விடியுமுன் தண்ணீர் பிடிப்பதும், பால் வாங்குவதும், முதல் அடுப்பைப் பற்ற வைப்பதும் கணவருக்கோ வளர்ந்த மகனுக்கோ ஆகாத வேலைகளல்ல. இரவில் அவள் எழுந்து கூடத்தில் அமர்ந்திருந்தால், ஏன் விளக்கைப் போட்டாய் என்று கேட்காமலிருப்பதற்குச் செலவேதும் இல்லை.

கணவரும் மாமியாரும் இல்லாத பெண்களும் இவ்வயதைக் கடக்கிறார்கள். நம் மறைமாவட்டங்களின் கன்னியர் இல்லங்களில் நாற்பத்தைந்தும் ஐம்பதும் ஆன சகோதரிகள் பகலில் ஐம்பது பிள்ளைகளின் முன்னோ நோயாளிகளின் நடுவிலோ நிற்கிறார்கள். அதிகாலை நான்கரைக்கு மணி அடித்ததும் எழுகிறார்கள். இரவில் நனைந்த உடையை ஓசையின்றி மாற்றிக்கொண்டதை யாரிடமும் சொல்வதில்லை. காலைத் தியானத்தில் தலை சாய்ந்துவிட்டதை மட்டும் குறையாகச் சொல்கிறார்கள். இல்லத் தலைவி அத்தகைய ஒரு சகோதரியை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, சில மாதங்களுக்கு அவருக்கு மட்டும் எழும் நேரம் ஆறு மணி என்று குறித்துவிடலாம். ஆறு என்றால் நாள்தோறும் ஆறு, ஞாயிறும் அப்படியே. அந்த நேரம்வரை அவர் அறைக்கதவைத் தட்டவேண்டாம் என்று மற்றச் சகோதரிகளிடம் முதல்நாள் இரவு உணவின்போதே சொல்லிவிட்டால் போதும்.