துவையல் தவசும் நம் வீட்டு வேலையும்

நிழல் தாங்கலுக்கு வரும் தாய்மார்களில் சிலர், பணிவிடை முடிந்தபின் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பதுண்டு. விடிந்தால் முந்திரி ஆலைக்கோ கடைக்கோ ஓட வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடுகிறது, வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, இப்படிப்பட்ட வீட்டில் ஐயாவுக்கு விளக்கு ஏற்றலாமா என்பது அவர்கள் கவலை. ஏற்றுங்கள் தாய்மாரே. விளக்கு வைக்கும் ஒரு முழ இடத்தைத் துடைத்துவிட்டுத் தாராளமாக ஏற்றுங்கள். மீதி வீட்டைப் பற்றி உங்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. அதே வீட்டில் உண்டு உறங்கும் மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். திருவனந்தபுரம் சிறையிலிருந்து ஐயா மீண்டு வந்தபின், அவர் சொற்படி 700 குடும்பத்தார் வாகைப்பதியிலும் பின்னர் முட்டப்பதியிலும் கடற்கரையில் தவசு இருந்தார்கள். நாள்தோறும் மூன்று வேளை குளியல், உடுத்ததைத் துவைத்தல், பச்சரிசியும் சிறுபயறும் வேகவைத்த ஒரே வேளை உணவு. குடும்பம் குடும்பமாக இருந்த தவசு அது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் எல்லோரும் தவசிகள். துவைப்பதே தவசு என்றால், அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நானும் தவசி என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா? இன்று நம் வீடுகளில் அதுதான் நடக்கிறது. தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, உச்சிப்படிப்புக்கு முதல் வரிசையில் நிற்கிறோம். வீட்டில் தின்ற கிண்ணம் நாம் எழுந்த இடத்திலேயே காய்ந்து கிடக்கிறது.

அந்தக் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் பாட்டிமார் தோள்சீலை அணியக் கூடாது, இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. பனையேறி வியர்த்து வந்தவனை உழைப்பாளி என்று யாரும் சொல்லவில்லை, தீட்டு என்றார்கள். அவர்களைத்தான் ஐயா சாமிதோப்பு முத்திரிக் கிணற்றடிக்கு அழைத்தார். எல்லாச் சாதி மக்களும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்தார்கள். அழுக்கு என்பது தண்ணீர் பட்டால் போகிற ஒன்று, பிறப்போடு வருகிற ஒன்று இல்லை என்று அந்தக் கிணறு காட்டியது. ஆகவே சுத்தம் நமக்கு அலங்காரமோ பெருமையோ இல்லை. மறுக்கப்பட்ட உரிமையை மீட்டெடுத்த கதை அது. அந்தச் சுத்தத்தின் சுமை முழுவதும் வீட்டில் ஒரே ஒரு பெண்ணின் முதுகில் ஏறினால், அங்கே இன்னோர் அடிமைத்தனம் தொடங்கிவிடுகிறது.

என்ன செய்யலாம்? பாயில் படுத்தவர் எழுந்ததும் பாயைச் சுருட்டட்டும். சாப்பிட்டவர் தட்டையும் தம்ளரையும் கழுவிக் கவிழ்க்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் தன் செருப்பை ஓரமாக வைக்கும், சொல்லிக் கொடுத்தால். காலையில் முற்றம் தூத்து வாருவதை ஆண்மக்கள் எடுத்துக்கொள்ளலாம். தெருவில் போகிறவர் பார்த்தால் பார்க்கட்டும். கொடியில் காய்ந்த துணியைக் கொண்டுவந்து கட்டிலில் குவித்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. மாலை விளக்குக்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே மடித்தால் கால்மணி நேரம். பிறகு, கழிப்பறை. அதைக் கழுவுவது யார் என்று கேட்டால் பல வீடுகளில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத் தலைவர் பெயரும் அந்த முறையில் இருக்கட்டும். கழுவும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். எழும் நச்சுப்புகை நெஞ்சை அடைக்கும்.

எல்லாவற்றையும் திருநாளுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. மாசி 20-க்கு விருந்தினர் வருகிறார்கள் என்றால் ஒட்டடை அடிக்கிறோம், பிறகு பல மாதம் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி அத்தனை நாள் காத்திருக்காது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும். மாடம் துடைக்க மறந்த நாளில் ஐயா கோபிக்க மாட்டார். தொட்டியை மறந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நேரம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்று இதை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் வீட்டைப் பெருக்கி அடுத்தவர் விளையில் கொட்டினால் அது சுத்தம் ஆகாது. (அன்ன தர்மம் முடிந்தபின் பதி வாசலில் கிடக்கும் காகிதத் தட்டுகளைப் பற்றி இன்னொரு முறை பேசுவோம். பேச நிறைய இருக்கிறது.) ஊராட்சியின் தூய்மைக் காவலர் வண்டியோடு வருகிறார் அல்லவா, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்தே கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் பொதிந்து, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். அது அவர் கையில் குத்தும். சாதி பாராமல் நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தும் வழியில் வந்தவர்கள் நாம். அவர் வெயிலில் நின்று தண்ணீர் கேட்டால், பழைய பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடாமல், நீங்கள் குடிக்கும் செம்பிலேயே கொடுங்கள்.

ஐயா உண்டு.