பழைய டிராக்டரும் நம் ஆத்துமமும்



அமெரிக்காவிலே போர்டு கம்பெனியார் 1947 முதல் 1952 வரை 8என் என்ற சிறு டிராக்டரைச் செய்து விற்றார்கள். சாம்பல் நிறமும் சிவப்பும் பூசிய அந்த வண்டி 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 70 வருஷம் கடந்தும் அவற்றில் பல அந்நாட்டுப் பண்ணைகளில் இன்றும் ஓடுகின்றன. இரும்பு அத்தனை உயர்ந்ததா? அதுவும் துருப்பிடிக்கிற இரும்புதான். உடையவன் அவ்வப்போது திறந்து பார்த்துச் சரிப்படுத்தி வந்தான், அதுவே இரகசியம்.

அவன் அந்த எஞ்சினை டியூன் செய்யும் விதத்தைக் கேளுங்கள். முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வெளிச்சத்தில் பார்க்கிறான். முனை இளம்பழுப்பாயிருந்தால் எஞ்சின் சுகமாயிருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. வண்டிக்கு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் பிளக் பொய் சொல்லாது. நமக்குள்ளும் மனசாட்சி என்ற ஒன்றைச் சர்வேசுரன் வைத்திருக்கிறார். இராத்திரி செபத்தில் ஆத்தும சோதனை செய்கிறவன் அதைக் கழற்றிப் பார்க்கிறான். நாம் கடைசியாய்ப் பார்த்தது எப்போது?

அடுத்தது பாயிண்ட். முதலில் வந்த 8என் வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டர் எஞ்சினின் முன்புறத்தில், காற்றாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். கை நுழையாத அந்த இடுக்கில் வேலை செய்வது வீண் பிரயாசை. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்து, மேசைமேல் வைத்தே பாயிண்டைச் சரிசெய்வார்கள். அதன் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 15 பங்கு. கண்மட்டத்துக்கு அது அகப்படாது. கேஜ் தகட்டை நுழைத்தே அளக்கவேண்டும். ஒளித்து வைத்த பாவமும் அப்படியே. உள்ளே இருக்கும்வரை சீர்ப்படாது. பாவசங்கீர்த்தனத்தில் வெளியே எடுக்கவேண்டும். அளக்கவேண்டியதும் நம் கண்மட்டத்தால் அல்ல, தேவ கற்பனைகளால்.

இன்னொன்று: எஞ்சின் திக்கினால் அனுபவமில்லாதவன் உடனே கார்புரேட்டரைத் திருகுவான். குற்றமோ பலமுறை பொறி உண்டாகும் இடத்தில் இருக்கும். திருகத் திருக, நன்றாயிருந்ததும் கெட்டுப்போகும். நாமும் இப்படித்தானே செய்கிறோம்? வீட்டில் சமாதானம் இல்லையென்றால் மனைவியைத் திருகுகிறோம், மருமகளைத் திருகுகிறோம். நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். 1, 2, 4, 3 என்ற வரிசையில்தான் பொறி விழவேண்டும். ஒன்று வேலை செய்யும்போது மற்ற மூன்றும் தங்கள் முறைக்கு ஆயத்தமாகின்றன. இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினால் வண்டி குலுங்கும், வெடிக்கும், நின்றுபோகும். ஒருவர் பேசும்போது நால்வரும் பேசும் குடும்பம் எத்தனை தூரம் ஓடும்?

பிரியமானவர்களே, நம் கோயிலில் ஒரே பூசையில் முழந்தாளிட்டு, ஒரே நன்மை வாங்கி, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் அண்ணன் தம்பிகள் உண்டு. நடுவில் இருப்பது தகப்பன் விட்டுப்போன வரப்பில் ஒரு முழம். பெற்ற தாய் மாதம் ஒரு வீடாக மாறி மாறிச் சாப்பிடுகிறாள். இரண்டு வீட்டிலும் வாய் திறப்பதில்லை. பெயரை நான் சொல்லவில்லை. அவரவர் பிளக்கை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். காணிக்கையை விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் நம் ஆண்டவரே. அந்தத் தாய் கண் மூடியபின் சவப்பெட்டியின் இருபுறமும் நின்று அழுது என்ன பிரயோசனம்?

பெட்ரோலும் காற்றும் எத்தனை இருந்தாலும் பொறி இல்லாமல் எஞ்சின் செத்த இரும்பே. நமக்கு அந்தப் பொறி தேவ இஷ்டப்பிரசாதம். அது விழுவதற்கு இடத்தைச் சுத்தமாய் வைப்பது நம் கடன். வருகிற சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் காத்திருப்பேன். வரும் வழியில் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு