துருவன் தெரியாத ஊரில்



சமய வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, நான் தினமும் விளக்கேத்திக் கும்பிடுறேன், தேவாரம் பாடுறேன். ஆனா உள்ளுக்குள்ள ஒன்னுமே தோணலையே! அப்புறம் எதுக்குக் கும்பிடணும்?"

இப்படிக் கேட்கிற பிள்ளையைத் திட்டக்கூடாது. இது நேர்மையான கேள்வி. பெரியவர்கள் நாம் பதில் சொல்லாமல் மழுப்பினால், அந்தப் பிள்ளை ஒருநாள் சத்தமில்லாமல் விளக்கேற்றுவதை நிறுத்திவிடும். இந்த மாதம் அந்தக் கேள்விக்குரிய பதிலை, வானத்தைப் படம் பிடிக்கிறவர்களிடம் போய்க் கேட்போம்.

நம் பிள்ளைகளில் சிலருக்கு இந்தப் பொழுதுபோக்கு இருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொலைநோக்கி, ஒரு கேமரா, அவற்றைத் தாங்கிச் சுழலும் மவுண்ட் ஆகியவற்றை வாங்கி, ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், விடிய விடியக் கேலக்ஸிகளைப் படம் பிடிப்பார்கள். ஆண்ட்ரோமெடா என்கிற கேலக்ஸி நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒளி வந்து சேரவே சுமார் 25 லட்சம் ஆண்டு ஆகிறது. தென்வானத்துச் செண்டாரஸ் ஏ இன்னும் தூரம், ஒரு கோடி ஒளியாண்டுக்கும் மேல்.

இப்போ கவனிங்க. கேமராவை மூன்று நிமிடம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்தால் என்ன தெரியும்? நடுவில் ஒரு மங்கலான புகை. சுற்றிலும் பொரிப்பொரியாகப் புள்ளிகள். இதை இரைச்சல் என்பார்கள். சுருள் கைகள் எங்கே, தூசிப் பட்டை எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து, "சும்மா காசு போச்சு" என்று மூட்டை கட்டுவார்.

பழகியவர் அதே இலக்கை மறுபடி எடுப்பார், மறுபடியும் எடுப்பார். ஐந்து மணி நேரத்தில் நூறு படம். பிறகு நூறையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அப்போது நடப்பது அழகான ஒரு கணக்கு. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். கேலக்ஸியின் ஒளியோ எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழும். அடுக்க அடுக்க அலைகிறது ஒன்றையொன்று அழிக்கும், நிலையானது மேலே எழும்பி வரும். நாலு படத்தைச் சேர்த்தால் தெளிவு இரண்டு மடங்கு. நூறு படத்தைச் சேர்த்தால் பத்து மடங்கு. முதல் படத்தில் கண்ணுக்கே தெரியாத சுருள் கை, நூறாவது படத்துக்குப் பிறகு தெரிகிறது. முதல் படத்திலும் அந்த ஒளி வந்து விழுந்துதான் இருந்தது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டும் பலம் அந்த ஒற்றைப் படத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

தம்பி, தங்கச்சி, உங்கள் ஒருநாள் வழிபாடு அந்த மூன்று நிமிடப் படம். திங்கட்கிழமை கும்பிடும்போது பரீட்சை நினைப்பு. செவ்வாய்க்கிழமை கைப்பேசி நினைப்பு. புதன்கிழமை பசி. மனசு அலையுதுன்னு கும்பிடறதை விட்டுடாதீங்க. அலைச்சல் தினமும் வேறு வேறு பக்கம் ஓடும். நீங்கள் யார்முன் நிற்கிறீர்களோ அவர் அதே இடத்தில்தான் இருக்கிறார். நாட்கள் அடுக்கப்படட்டும். நம் பெரியவர்கள் விரதத்தை ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்ததிலும், நாமத்தை நூற்றெட்டு முறை சொல்லச் சொன்னதிலும் இந்தப் பொறுமைதான் இருக்கிறது.

ஆனால் எத்தனை படம் எடுத்தாலும் ஒன்று சரியாக இல்லையென்றால் எல்லாம் வீண். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. மவுண்ட் அதற்கு ஈடாகச் சுழல வேண்டும். அதன் அச்சு துருவ நட்சத்திரம் இருக்கும் திசையில், வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் விண்மீன்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபட்டுப் போகும்.

துருவன் கதை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை. தந்தை உத்தானபாதன் மடியில் ஏறப் போனவனைச் சிற்றன்னை சுருசி விரட்டினாள். தாய் சுநீதி, "நாராயணனைப் போய்க் கேள்" என்று அனுப்பினாள். நாரதர் வழிகாட்ட, மதுவனத்தில் தவம் இருந்தான். விண்மீன்கள் எல்லாம் சுற்றிவரும் அசையாத இடத்தை இறைவன் அவனுக்கு அளித்தார். தந்தையின் மடி கேட்ட பிள்ளைக்கு வானத்தின் அச்சே கிடைத்தது.

அந்தத் துருவனை நம் ஊரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? கோலாலம்பூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 3 பாகை உயரம்தான். சிங்கப்பூரில் அதைவிடத் தாழ்வு. மரம், கட்டடம், மூட்டம் எல்லாம் சேர்ந்து மறைத்துவிடும். ஐரோப்பாவில் இருக்கிறவர் அதை நேரே பார்த்து அச்சைத் திருப்பிக் கொள்வார். நாம் என்ன செய்வது?

அதற்கும் வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வேறொரு விண்மீனைத் தொலைநோக்கியில் பிடித்துச் சில நிமிடம் கவனிக்க வேண்டும். அது மெல்ல வடக்கே நகர்கிறதா, தெற்கே நகர்கிறதா? அந்த நகர்வே அச்சு எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடும். திருகைக் கொஞ்சம் திருப்பி மறுபடி கவனிக்க வேண்டும். முதலில் உச்சிப் பக்கத்து விண்மீன், பிறகு கிழக்கே தாழ்ந்திருக்கும் விண்மீன். நகர்வு நிற்கும்போது அச்சு துருவத்தை நோக்கி நிற்கிறது என்று அர்த்தம். துருவனைக் கடைசிவரை பார்க்கவே இல்லை, ஆனாலும் அவனை நோக்கித் திரும்பியாயிற்று.

கடவுளை நேரில் பார்த்த பிறகுதான் திரும்புவேன் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் நாளில் எது நழுவுகிறது என்று பாருங்கள். அம்மாவிடம் பேசும் பேச்சு நழுவுகிறதா? நண்பனிடம் வாங்கிய கடன் நழுவுகிறதா? அதைக் கொஞ்சம் திருத்தி மறுபடி பாருங்கள். அச்சு தானாகச் சரியான பக்கம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கசப்பானது. சிலர் இருபது வருஷமாக ஆலயத்துக்குப் போவார்கள், ஆனால் கோபம் ஒரு துளியும் குறைந்திருக்காது. அது ஏன்? கேமராவில் இரண்டு வகைப் பிழை உண்டு. அலைகிற பிழை அடுக்கும்போது மறையும். சென்சாரிலேயே பழுதான பிக்சல்கள் இருந்தால் அவை எல்லாப் படத்திலும் அதே இடத்தில் மின்னும். அடுக்க அடுக்க, கேலக்ஸியைப் போலவே அந்தப் பழுதும் பலமாகும்! இதற்கு ஒரு மருந்து உண்டு. லென்ஸை மூடி, முழு இருட்டில், அதே மூன்று நிமிடம், அதே வெப்பநிலையில் படம் எடுக்க வேண்டும். அதில் வானம் இருக்காது, கேமராவின் சொந்தக் குறை மட்டும் இருக்கும். அதை மற்றப் படங்களிலிருந்து கழிக்க வேண்டும்.

"அதே வெப்பநிலையில்" என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த நேரத்தில் எடுத்தால் குறை முழுசாகத் தெரியாது. நமக்கும் அப்படித்தான். நல்ல மனநிலையில் உட்கார்ந்து யோசித்தால் எல்லாரும் நல்லவர்களே. கோபம் வந்த நாளின் இரவில், அந்தச் சூடு ஆறும் முன்னே, கண்ணை மூடி உங்களைப் பாருங்கள். அது இல்லாத வழிபாடு நம் குறைக்கும் சேர்த்தே உரம் போடும்.

சிலர் கேட்கலாம், "எல்லாம் புரிஞ்ச பிறகு ஆரம்பிக்கலாமே?" 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் ஆண்ட்ரோமெடாவைப் படம் பிடித்து, அதன் சுருள் வடிவத்தை உலகுக்குக் காட்டினார். கட்டடத் தொழில் செய்தவர் அவர், வானியல் அவருடைய பொழுதுபோக்கு. தாம் படம் பிடித்தது இன்னொரு கேலக்ஸி என்று அவருக்குத் தெரியாது. சூரியனும் கோள்களும் போல ஒன்று உருவாகிறது என்றே எண்ணினார். 1923-இல் எட்வின் ஹப்பிள் அதில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்ட பிறகுதான், அது நம் பால்வெளிக்கு வெகு அப்பால் இருக்கிறது என்பது உறுதியானது. ராபர்ட்ஸ் அப்போது உயிரோடு இல்லை. முழுசாகப் புரியாமலே அவர் உண்மையான ஒளியைச் சேகரித்துவிட்டார்.

மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் எண்ணற்ற அண்டங்களைச் சொல்லி, இறைவனின் பெருமைக்கு முன் அவை வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் தூசு போலச் சிறியவை என்கிறார். "பார்த்தியா, அப்பவே எங்க ஆளு கண்டுபிடிச்சிட்டார்" என்று மார்தட்ட வேண்டாம். தொலைநோக்கியில் பார்த்து அவர் பாடவில்லை. நான் எவ்வளவு சிறியவன் என்று உணர்ந்து பாடினார். அந்தப் பணிவு வந்தால் போதும்.

2016-இல் வெளியான உலக இரவு வான வரைபடம், உலகிலேயே செயற்கை வெளிச்சம் மிகுந்த வானம் சிங்கப்பூருடையது என்று காட்டியது. கோலாலம்பூரும் இரவெல்லாம் பளபளக்கிறது. ஆனாலும் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கே ஆண்ட்ரோமெடாவும் தெற்கே செண்டாரஸ் ஏயும் நமக்கு நல்ல உயரத்தில் வரும். துருவன் தாழ்ந்த ஊரில் இரண்டு பக்க வானமும் திறந்திருக்கிறது.

ஆகவே இன்றிலிருந்து 48 நாள், தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் உட்காருங்கள். இரவில் படுக்குமுன் ஒரு நிமிடம் லென்ஸை மூடி உங்கள் குறையைப் பாருங்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பரவாயில்லை, மேகம் மூடிய இரவு என்று நினைத்து மறுநாள் தொடருங்கள். முதல் வாரமே ஏதாவது தெரிகிறதா என்று தேடாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகவும் சொல்லாதீர்கள். படத்தில் இல்லாத சுருளைக் கணினியில் வரைந்து சேர்ப்பது வானத்துக்குச் செய்கிற துரோகம்.

ஒளி கிளம்பி வெகுகாலம் ஆகிவிட்டது. அது வந்து விழும் நேரத்தில் நீங்கள் மூடியைத் திறந்து வைத்திருங்கள்.

திருச்சிற்றம்பலம்.