தூரத்தின் விலை

கூடுவாஞ்சேரியில் வீடு வாங்குமுன் நானும் கணவரும் கணக்குப் போட்டோம். சென்னைக்குள் கொடுக்கும் வாடகை, இங்கே கட்டவேண்டிய தவணை, சீசன் டிக்கெட், பள்ளிக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. என் நேரம் மட்டும் இல்லை.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை நீள நீள, புறநகர்க்காரர்கள் தூரத்தை மைலில் அல்ல, நிமிடத்தில் சொல்லப் பழகினோம். எழும்பூருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இருவருக்கும் அதே ரயில்தான். ஆனால் அவருடைய பயணம் ஸ்டேஷனில் தொடங்குகிறது. என்னுடையது நாலரை மணிக்கு அடுப்படியில். திரும்பும்போது மகளிர் பெட்டியில் மடிகள் எல்லாம் கீரை ஆய்கின்றன.

“நீயும் சம்மதித்தாய்தானே?” என்கிறார்கள். சம்மதித்தேன். எதைக் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லாத, நானும் கேட்காத பேரத்தில் அது எப்படிப்பட்ட சம்மதம்? மலிவான வீடு என்றோம். மிச்சமான பணம் குடும்பத்துக்கு வந்தது. விலையை ஒருத்தியின் தூக்கம் கொடுத்தது.

புறநகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்திரத்தில் பெயர் இருந்தால் சொந்த வீடு பெண்ணுக்குப் பலம்தான். வீடு பார்க்கும் தோழிகள் கணக்கில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: காலையில் சமைப்பது யார், மாலையில் பிள்ளையை அழைத்து வருவது யார்? அதன் பிறகும் மலிவாக இருந்தால் வாங்குங்கள்.