பிரிவும் தொடர்பும்: பயணியின் கடமை பற்றிய ஒரு சிந்தனை

பிரிவு என்பது தமிழர் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்த ஒரு பொருளாகும். ஓதற்பொருட்டும், பகைமேற் சென்றும், தூதாகவும், பொருள் தேடியும் ஒருவன் ஊரைவிட்டு நீங்குதலைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. சங்கச் செய்யுட்களில் அவ்வாறு பிரிந்தவனிடமிருந்து நாள்தோறும் செய்தி வருவதில்லை. கார்காலத்தில் மீள்வேன் என அவன் குறித்துச் சென்ற சொல்லே வீட்டிலிருப்போர்க்குத் துணை. இன்று பிரிந்து செல்வோன் தன் வீட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செல்கின்றான். விமான நிலையத்தில் இறங்கியதும் கையடக்கத் தொலைபேசிக்கு இணையத் தொடர்பு தேடுவது பயணத்தின் முதற்கருமமாகிவிட்டது. இம்மாற்றத்தை நாம் வசதி பற்றியதாகவே பேசுகின்றோம். ஆயின் அதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. தொடர்பு கொள்ள இயலும் என்ற ஒரே காரணத்தால், அயல்நாடு சென்ற ஒருவர் எப்போதும் தொடர்பில் இருக்கக் கடமைப்பட்டவராவாரா?

இவ்வினா நூல்களிலிருந்து எனக்குக் கிடைத்ததன்று. புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றில் என் பாட்டியார் என்னை வளர்த்தார். தாயார் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கின்றார். கடந்த ஆண்டு பத்து நாட்கள் தமிழ்நாட்டிற் பயணஞ் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திருச்சிராப்பள்ளியில் இறங்கியதும் பேசுவேன் என்று பாட்டியாரிடம் கூறிச் சென்றேன். இலங்கைச் சிம் அட்டையை அங்கே பயன்படுத்தியிருக்கலாம். கட்டணத்துக்கு அஞ்சி அதனைச் செய்யவில்லை. அங்கு வாங்கிய புதிய அட்டையோ மறுநாள் மாலையிலேயே இயங்கத் தொடங்கியது. அந்த ஓரிரவும் ஒரு பகலும் பாட்டியார் உறங்கவுமில்லை, உண்ணவுமில்லை. வளைகுடாவில் தாயாரும் கலங்கியிருந்தார். நான் செய்தது குற்றமா என்பதே அன்று முதல் என்னைத் தொடரும் வினாவாகும்.

கடமை என்று ஒன்றைக் கூறுமிடத்து, அது செய்தற்கு இயல்வதாக இருத்தல் வேண்டும் என்பது ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் முதலியோர் ஏற்ற கொள்கையாகும். இயலாததைச் செய்யவில்லை என்று எவரையும் குறைகூற முடியாது. முன்னைய தலைமுறையின் பயணி மௌனமாயிருந்தபோது அவரை யாரும் பழிக்கவில்லை. கடிதம் வரும்வரை காத்திருத்தலே உலகவழக்கு. வளைகுடா சென்ற பெண்கள் தம் குரலை ஒலிப்பதிவு நாடாவிற் பதிந்து, ஊருக்கு வருவோர் கையிற் கொடுத்தனுப்பிய காலமும் இருந்தது. இன்று இயலாமை என்ற அந்த மறைப்பு நீங்கிவிட்டது. அதனால் மௌனமும் ஒரு செயலாகிவிட்டது. பேசாதிருப்பவர் பேச விரும்பாதவர் என்று கொள்ளப்படுகின்றார். ஆயினும் இங்கே ஒரு தவறான பாய்ச்சல் உண்டு. இயலாதது கடமையாகாது என்பதிலிருந்து, இயல்வதெல்லாம் கடமை என்பது பெறப்படாது. என் கையிலுள்ள பணம் முழுவதையும் கொடுக்க என்னால் இயலும். அதனாலேயே அது என் கடமையாகிவிடுமா?

ஒருவர் எப்போதும் வீட்டுடன் பிணைக்கப்பட்டிருத்தல் எத்தகையது என்பதைக் கருவியின் இயக்கமே காட்டுகின்றது. நாம் இலங்கைச் சிம் அட்டையுடன் அயல்நாட்டில் இறங்கும்போது, அங்குள்ள வலையமைப்பு எம்மைத் தானாக ஏற்பதில்லை. அட்டையிலுள்ள அடையாள எண்ணைக் கொண்டு, இவர் உம்மவர்தாமா என்று எமது நாட்டு வலையமைப்பிடம் கேட்கின்றது. ஆம் என்ற விடை வந்த பின்னரே சேவை கிடைக்கின்றது. பெரும்பாலும் எமது இணையத் தரவும் முதலில் தாய்நாட்டு வலையமைப்புக்கு வந்து, அங்கிருந்தே இணையத்துட் புகுகின்றது. தஞ்சாவூரில் நின்றுகொண்டு தஞ்சாவூரைப் பற்றி அறிய விரும்புபவரின் வினாவும் இலங்கைக்கு வந்தே திரும்புகின்றது. கருவிக்கு இது நன்று. மனமும் இவ்வாறே ஒவ்வொரு காட்சியையும் வீட்டுக்கு அனுப்பிய பின்னரே காணுமாயின், அப்பயணி உண்மையில் எங்கே இருக்கின்றார்?

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலின் முன் நான் நின்றபோது இதுவே நிகழ்ந்தது. தொடர்பு கிடைத்துவிட்டது, முன்னைய குற்ற உணர்வும் இருந்தது. ஆகவே தொலைபேசியை உயர்த்திப் பிடித்து விமானத்தையும் நந்தியையும் பாட்டியாருக்குக் காட்டிக்கொண்டே நடந்தேன். அவர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியை நான் சிறிதாகக் கருதவில்லை. எனினும் அக்கோயிலை இன்று நினைக்க முயலும்போது, உள்ளங்கையளவான திரையே என் நினைவுக்கு வருகின்றது. இப்பல்கலைக்கழகத்தில் முன்னர் கல்வித்துறை விரிவுரையாளராக விளங்கிய தனிநாயகம் அடிகள் பல நாடுகளைச் சுற்றிவந்து, 1966இல் 'ஒன்றே உலகம்' என்னும் நூலைத் தந்தார். சென்ற நாட்டுக்குத் தம்மை ஒப்படைப்பவரே அங்கிருந்து ஏதேனும் கொண்டுவர முடியும். பயணி வீட்டாருக்கு மட்டுமன்றி, தாம் சென்ற இடத்துக்கும் அங்குள்ள மாந்தர்க்கும் கடன்பட்டவராவார்.

இவ்வாறு கூறுவதால் தொடர்பு வேண்டாததொன்று என்பது என் கருத்தன்று. விரும்பிச் சுற்றுலாச் செல்பவரும் வறுமையாற் கடல் கடப்பவரும் ஒரு நிலையினர் அல்லர். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வீட்டுப் பணியாளர்க்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது; பணியாளர் தம் கடவுச்சீட்டைத் தாமே வைத்திருக்கும் உரிமையை அது கூறுகின்றது. அவ்வுரிமை எதற்காகவோ அதற்காகவே தொலைபேசியும் அவர் கையில் இருத்தல் வேண்டும் என்பேன். என் தாயார் முன்னர் வேலை செய்த வீட்டில் அவரது தொலைபேசி ஒரு மாதம் பறிக்கப்பட்டிருந்தது. அந்த மௌனம் அவர் தேர்ந்ததன்று, அவர்மீது சுமத்தப்பட்டது. தொடர்பு கொள்ளும் உரிமை வேறு. எந்நேரமும் அகப்படவேண்டும் என்னும் கடப்பாடு வேறு. முன்னதைப் பறித்தல் கொடுமை. பின்னதை அன்பின் பெயராற் சுமத்துதலும் ஒருவகை நெருக்குதலேயாம்.

தொடர்பு தன்னளவிலேயே அறமாகாது என்பதற்குக் கண்டி மாவட்டமே சான்று. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல்கள் நிகழ்ந்தன. பகைமையைப் பரப்பும் செய்திகள் சமூக ஊடகங்களில் ஓடியமையால், முகநூல், வாட்சப், வைபர் முதலியவற்றை அரசாங்கம் சில நாட்களுக்குத் தடைசெய்தது. அப்போது நான் பள்ளி மாணவன். கண்டியில் கலவரம் என்று அறிந்த தாயார், வழமையான வழியில் எம்மைக் காணமுடியாது, மிகுந்த கட்டணஞ் செலுத்தி அழைத்தார். பாசத்தைச் சுமந்த அதே இழை பகையையும் சுமந்தது. ஒன்றை நிறுத்த இரண்டும் நின்றன. கருவி இருவழிக்கும் உதவும். எதனைச் சொல்கின்றோம், சொன்னதைக் காக்கின்றோமா என்பதிலேயே அறம் தங்குகின்றது.

ஊர் திரும்பிய பின் பாட்டியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூறிய விடை இதுவே: "பேசுவேன் என்று நீ சொல்லாமற் போயிருந்தால் நான் உறங்கியிருப்பேன்." எழுத்தறியாத அவர் நான் தேடிய வேறுபாட்டை ஒரு வாக்கியத்திற் காட்டிவிட்டார். அவரை வருத்தியது என் மௌனமன்று. நான் கொடுத்த சொல் நிறைவேறாமையே. கட்டணம் எவ்வளவு, அட்டை எப்போது இயங்கும் என்று ஆராயாது வாக்களித்தமை என் முதற்குற்றம். வாக்களித்த பின்னர் சிறிது பணத்தை மிச்சம் பிடித்தமை இரண்டாவது. தஞ்சையிலே இடைவிடாது காட்டிக்கொண்டிருந்தமை இவ்விரண்டுக்கும் பரிகாரமாகவில்லை.

ஆகவே பயணியின் கடமை எந்நேரமும் தொடர்பிலிருத்தல் அன்று. குறித்த சொல்லைக் காத்தலேயாம். நாளுக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ, இயல்வதை ஆராய்ந்து ஒரு பொழுதைக் குறித்தல் வேண்டும். குறித்ததைச் செலவு நோக்காது நிறைவேற்றல் வேண்டும். எஞ்சிய பொழுதைச் சென்ற இடத்துக்குக் கொடுத்தல் வேண்டும். வீட்டிலிருப்போரும் அவ்விடைவெளியை அன்பின்மை என்று கொள்ளாதிருத்தல் வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தாயார் அழைக்கின்றார். மகாவலிக் கரையில் நண்பர்களுடன் இருந்தாலும், நூலகத்தில் இருந்தாலும், அந்நேரத்துக்கு நான் என் அறையில் இருப்பேன். மற்றைய ஆறு நாட்களும் அவர் பேசாதிருப்பது எமக்குத் துன்பந் தருவதில்லை; எட்டு மணி வரும் என்பதை நாம் அறிவோம்.