பாவியின் மன்றாட்டு

சாவான பாவத்தில் வீழ்ந்தவன் சொல்லும் செபம் இறைவனின் செவியை எட்டுமா என்பது மறைநூல் வல்லார் மட்டும் வாதிட்டுத் தீர்க்கும் வினா அன்று. செபமாலையைக் கையில் எடுத்து, தனக்கு இதற்குத் தகுதி உண்டா என்று தயங்கி, மீண்டும் அதைச் சுவரில் மாட்டிவிடும் எளிய மனிதனின் வினாவும் அதுவே. கடாரம் என்று சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கெடா மண்ணில், ரப்பர்த் தோட்டங்களின் லயன் வீடுகளில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழருக்கு இவ்வினா மற்றவரைக் காட்டிலும் கூர்மையாக எழுந்திருக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதற் காரணம் தொலைவு. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் கோவில்கள் இருந்தன. தோட்டத்துக்கோ குரு எப்போதாவதுதான் வந்தார். பூசை இல்லாத ஞாயிறுகளில் உபதேசியாரோ, மந்திரங்கள் அறிந்த பெரியவர் ஒருவரோ முன்னின்று செபமாலை சொல்லுவார். நகரத்தில் வாழ்ந்தவன் சனிக்கிழமை மாலை கோவிலுக்குச் சென்று பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மறுநாள் நற்கருணை வாங்கலாம். தோட்டத்தில் வாழ்ந்தவனோ தன் பாவத்தோடு வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், குடியிருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் அவன் சொன்ன செபங்கள் என்னவாயின?

இரண்டாவது காரணம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்துள்ள தீட்டு என்னும் கருத்து. தீட்டுப்பட்டவன் விளக்கைத் தொடலாகாது, கோவிலுக்குள் நுழையலாகாது. மதம் மாறிய பின்னும் இந்த உணர்வு மாறிவிடுவதில்லை. பாவம் என்ற சொல்லை ஞானோபதேசத்தில் கற்றுக்கொண்டவன், அதைத் தீட்டு என்ற பழைய பாத்திரத்தில் ஊற்றிக்கொள்கிறான். தீட்டுக் கழியும் வரை ஒதுங்கியிருப்பது போல், பாவம் கழியும் வரை இறைவனிடமிருந்தும் ஒதுங்கியிருக்கிறான். பாவசங்கீர்த்தனம் தமிழனுக்குப் புதியதன்று. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றே அதற்கு வழிகாட்டும் நூல்தான். என்றிக் என்றீக்கஸ் அடிகளார் ஆக்கிய அந்நூல் 1580ஆம் ஆண்டு கொச்சியில் அச்சாயிற்று. பாவத்தை அறிக்கையிடும் முறையை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த மக்கள், அறிக்கையிட வாய்ப்பில்லாத காலத்தில் என்ன செய்வது என்பதை அவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்த வினா எவ்வளவு கொடிதாக வந்து நிற்கக்கூடும் என்பதைக் காட்ட ஜப்பானியர் ஆட்சிக்காலம் ஒன்றே போதும். 1942, 1943 ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்தில் இருப்புப்பாதை போடப்பட்டது. அதற்காக மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பல்லாயிரவரைத் தின்றன. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையருக்காவது பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத் தமிழனின் சாவை எழுதி வைக்கப் பெரும்பாலும் ஆளில்லை. கெடாவிலிருந்தும் ஆடவர் போயினர், திரும்பாதவர் பலர். அவர் இறந்தாரா, எங்கேனும் உயிரோடு கிடக்கிறாரா என்று சொல்ல லயத்தில் எவருமில்லை.

பிள்ளைகளோடு தனித்து நின்ற கத்தோலிக்கப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே உணவு. ஓராண்டு போகிறது, இரண்டாண்டு போகிறது. பக்கத்து லயத்து ஆள் ஒருவன் ஆதரவு தருகிறான். அவனோடு அவள் குடும்பம் நடத்துகிறாள். அக்காலத்தில் நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, கணவன் இறந்தான் என்பது ஐயமற உறுதியானால் அன்றி மனைவி மறுமணம் செய்ய இயலாது. நெடுநாள் காணவில்லை என்பது மட்டும் போதாது. அத்தகைய முடிவுகளை நாட வேண்டிய இடம் ஆயரகம். மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் டெவால்சோ 1945 ஜனவரியில் மறைந்தார். 1947இல் ஒல்சொமெண்டி ஆயராகும் வரை அந்த இருக்கை காலியாகவே கிடந்தது. பினாங்கு தனி மறைமாவட்டமானது 1955இல்தான். (மேய்ப்பர் அருகியிருந்த அதே மண்ணில், சுங்கைப் பட்டாணியில், 1932இல் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 2016இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார் என்பது வேறு கதை.) ஆக, அவள் தான் பாவத்தில் வாழ்வதாகவே எண்ணுகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அவள் முழந்தாளிடலாமா?

முழந்தாளிடலாம் என்பது மட்டுமன்று, முழந்தாளிட வேண்டும் என்பதே திருச்சபையின் விடை. ஆனால் அந்த விடை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால்தான் அதன் உறுதி விளங்கும்.

பிறவிக் குருடன் ஒருவன் இயேசுவால் பார்வை பெற்றதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. பாவிகளுக்கு இறைவன் செவிசாய்ப்பதில்லை என்று அவன் பரிசேயரிடம் வாதாடுகிறான். வேதத்திலேயே இருக்கிறதே என்று இதனை எடுத்துக்காட்டுவோர் உண்டு. இப்போ நகரின் ஆயரான புனித அகுஸ்தீன் இதற்கு நேராகவே விடை கூறினார்: அது இன்னும் முழு ஒளி பெறாதவனின் பேச்சு; அது உண்மையானால் கோவிலின் ஓரத்தில் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரன் நீதிமானாகத் திரும்பியது எப்படி? வேதத்தில் உள்ள சொல் என்பதாலேயே அது வேதத்தின் தீர்ப்பு ஆகிவிடாது. யார் வாயில் அது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இன்னும் நுட்பமாக ஒரு கோடு கிழித்தார். செபத்துக்கு இரு பயன்கள். ஒன்று பேறு, அருள்நிலையில் இருப்பவன் அன்பினால் செய்யும் செயலுக்கு இறைவன் வாக்களித்த பரிசு. மற்றொன்று கேட்டதைப் பெறுதல். சாவான பாவம் முதலாவதை அறவே அழித்துவிடுகிறது, இரண்டாவதை அழிப்பதில்லை. முதலாவது நீதியைச் சார்ந்தது, இரண்டாவது முழுக்க முழுக்க இரக்கத்தைச் சார்ந்தது என்பதே அதற்குக் காரணம்.

இதைத் தோட்டத்து மனிதனுக்கு விளக்க நூல் தேவையில்லை. காலைப் பிரட்டுக்கு வராதவன் பெயர் செக்ரோலில் ஏறாது. பெயர் ஏறாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. அதைப் பற்றி அவன் கிராணியிடம் வழக்காட முடியாது. ஆனால் அன்றிரவே அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளுக்கு ஒரு சுண்டு அரிசி கேட்கிறான். அடுத்த வீட்டார் செக்ரோலைப் பார்த்துவிட்டா அரிசி அளக்கிறார்கள்? பாவியின் செபம் கூலிக் கணக்கு அன்று, கதவைத் தட்டுதல்.

இதற்கு மாறாக எண்ணியவர்களும் திருச்சபைக்குள் இருந்தனர். பாவிகளின் செபம் மேலும் ஒரு பாவமே என்று பிரான்சு நாட்டின் கெனல் என்பார் எழுதினார். 1713ஆம் ஆண்டு, பதினொன்றாம் கிளமெண்ட் பாப்பரசர் அவருடைய கூற்றுகள் நூற்றொன்றைக் கண்டித்தபோது இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அதற்கு முன்னரே, 1547இல், திரிதெந்தீன் பொதுச்சங்கம் அருள்நிலைக்கு முன் மனிதன் செய்வன எல்லாம் பாவமே என்ற கொள்கையைத் தள்ளியிருந்தது. லயத்தில் பயந்து ஒதுங்கியவள் எந்தக் கொள்கையைத் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அது அவளுடைய திருச்சபை முறைப்படி மறுத்த கொள்கையே.

ஆயினும் பாவம் செபத்தைச் சிறிதும் வலுவிழக்கச் செய்யாது என்று சொல்லிவிட்டால் அது மற்றொரு பொய்யாகும். நீதிமானின் மன்றாட்டே வலிமை மிக்கது என்று யாகப்பர் நிருபம் கூறுகிறது. குருதி படிந்த கைகளோடு வருவோரின் செபத்துக்கு இறைவன் முகம் திருப்புவதாக எசாயா இறைவாக்கினர் முழங்குகிறார். அந்த முழக்கம் யாரை நோக்கியது என்பது கருதத்தக்கது. பாவத்தில் விழுந்து எழ முடியாமல் தவிப்பவனை நோக்கியது அன்று. ஏழையை ஒடுக்கிக்கொண்டே பலி செலுத்துபவனை நோக்கியது. கடன்பட்டவனின் சம்பளத்தை வட்டியாகப் பறித்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுபவன் இதைக் கேட்டு நடுங்க வேண்டும். பிள்ளைக்காக அழுபவள் நடுங்க வேண்டியதில்லை.

பாவம் செபத்தை நலியச் செய்யும் இடம் வானத்தில் இல்லை, செபிப்பவனிடத்தில் இருக்கிறது. கள்ளுக்கடை தோட்ட வாழ்வை எப்படி அரித்தது என்பதைக் கெடா நன்கு அறியும். 1946-47ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிரே மறியல் செய்தது. சம்பள நாளில் வாங்கிய பணத்தையெல்லாம் அங்கே இறைத்துவிட்டு, இரவில் தன் குடும்பத்தைக் காக்கும்படி மாதாவிடம் மன்றாடுபவனின் வாய் ஒன்றைக் கேட்கிறது, கை மற்றொன்றைச் செய்கிறது. அவன் செபத்தை இறைவன் வெறுக்கிறார் என்பதன்று. அதை அவனே முழு மனத்தோடு விரும்பவில்லை. அகுஸ்தீன் தம் இளமையில் தூய வாழ்வைக் கேட்டுக்கொண்டே, அது உடனே வந்துவிடுமோ என்று அஞ்சியதைப் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். அந்த அரைமனச் செபம்கூட வீண்போகவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று; ஆனால் அது பலிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பாவி தவறாமல் பெறுவதற்கு அக்குவினார் நான்கு நிபந்தனைகள் வைக்கிறார்: தனக்காகக் கேட்க வேண்டும், மீட்புக்குத் தேவையானதைக் கேட்க வேண்டும், பக்தியோடு கேட்க வேண்டும், விடாது கேட்க வேண்டும். அருளை இழந்தவனுக்குப் பக்தி ஏது என்ற தடையையும் அவரே எழுப்பி விடை கூறுகிறார்: நீதிமான் அல்லாதவனும் சில வேளை நீதியான ஒன்றை விரும்பக்கூடும், அதுபோலவே பாவியும் நல்லதைக் கேட்கும் அளவில் அவன் மன்றாட்டு பக்தியுடையதே. அவ்வாறு கேட்கத்தக்கவற்றுள் முதன்மையானது மனத்துயர். இறைவன்மீது கொண்ட அன்பால் எழும் உத்தம மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு கூடியதாயின், குரு வருமுன்னரே அருள்நிலையை மீட்டுத் தரும் என்பது திரிதெந்தீன் சங்கம் 1551இல் உரைத்தது. குரு வராத தோட்டத்துக்கு இதைவிடத் தேவையான போதனை வேறில்லை. செபிக்கத் தகுதியில்லை என்று ஒதுங்குபவன், தகுதியை மீட்டுத் தரும் ஒரே வழியையும் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறான்.

நான்கில் முதலாவது நிபந்தனைதான் தாய்மாரை உறுத்தும். தனக்காக என்றால், பிள்ளைக்காகக் கேட்பது? பிறருக்காகக் கேட்பது கேட்டவாறே கிடைக்கும் என்ற உறுதி நீதிமான்களுக்கும் இல்லை என்பதே இதற்கு விடை. தவறாது கிடைக்கும் என்ற உறுதி இல்லையென்றால் கிடைக்காது என்று பொருளன்று. மேலும், அவள் பாவம் உண்மையிலேயே சாவானதா? பொருள் கனமானதாக இருப்பது மட்டும் போதாது, முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பதே ஞானோபதேசம். பட்டினியின் பிடியில் அவள் கொடுத்த சம்மதம் எவ்வளவு முழுமையானது என்பதை எந்த மனிதனும் நிறுத்துப் பார்க்க முடியாது.

பிற்காலத்தில் திருச்சபை இதை வெளிப்படையாகவே கூறிற்று. மணமுறிவு பெற்று மறுமணம் புரிந்தோர் நற்கருணை வாங்க இயலாது என்ற ஒழுங்கை 1981இல் உறுதிப்படுத்திய இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், அதே மடலில் அவர்கள் செபத்தில் நிலைத்திருக்குமாறும், பூசையில் பங்குபெறுமாறும், பிறரன்புப் பணிகளை விடாதிருக்குமாறும் கேட்டுக்கொண்டார். 2016இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே பரிவோடு ஆராயுமாறு குருக்களைப் பணித்தார். அதுகுறித்த வாதங்கள் ஓயவில்லை. நற்கருணை பற்றிய வாதம் எத்திசை சென்றாலும், செபத்தின் கதவு அடைபட்டது என்று எத்தரப்பாரும் சொல்லவில்லை. கெடாவின் எல்லையை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை 26ஆம் நாளை ஒட்டி நிகழும் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றுவோரின் அருள்நிலையை எவரும் வினவுவதில்லை. கத்தோலிக்கர் அல்லாதாரும் அங்கே நிற்கிறார்கள்.

இறந்தோருக்கான செபம் மட்டும் எஞ்சுகிறது. சயாமில் விழுந்தவனுக்காக, மற்றொருவனோடு வாழ்பவள் மன்றாடலாமா? பாவி தன் பெயரால் செய்வது வேறு, திருச்சபையின் பெயரால் நடப்பது வேறு என்பது பழைய போதனை. குருவே பாவியாயினும் அவர் நிறைவேற்றும் பூசையின் பலன் குறையாது என்று தொனாத்துவாரோடு அகுஸ்தீன் நடத்திய நெடிய வாதத்தில் நிலைநாட்டப்பட்ட உண்மையும் அதுவே. நவம்பர் 2ஆம் நாள் சகல ஆன்மாக்கள் திருநாளுக்கு அவள் கூலிமுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ வந்து, முதற் கணவன் பெயரைப் பூசைக்குக் கொடுத்திருந்தால் அது செல்லும். நற்கருணை வாங்க முன்னே போகாமல் கடைசி வரிசையிலேயே அவள் அமர்ந்திருந்தாலும் அது அவனுக்கான பூசையே.