உறுதி தவறினான் பொய்யனோ?

'இனிக் குடியேன்' என்று இறைவன் திருமுன் உறுதி கூறியவன், திங்களொன்று கழியுமுன் மீளக் குடிப்பானாயின், அவனைப் பொய்யன் என்று விலக்குதல் முறையோ என்னும் வினா மடங்களிலும் அடியார் திருக்கூட்டங்களிலும் அடிக்கடி எழுவதொன்று. தீக்கை பெற வருவார்பால் மதுவும் ஊனும் விலக்கும் உறுதி கேட்கப்படுதலின், இது வெறுஞ் சொற்போர் அன்று. வழுவிய ஓருயிர்க்கு வாயில் மீண்டும் திறக்குமோ திறவாதோ என்பது இதனைப் பற்றி நிற்கின்றது.

கொங்குநாட்டிலே, திருச்செங்கோட்டு மலைப்படிகளுள் அறுபதாம்படியில் நின்று ஆணையிட்டு வழக்குத் தீர்த்துக்கொள்ளும் பழைய மரபு உண்டு. அவ்வாணை நிகழ்ந்ததொன்றைப் பற்றியது. 'யான் கடன் பெற்றிலேன்' என்பவன், தான் பெற்றமையும் பெறாமையும் நன்கறிவான். அறிந்தே மாற்றிக் கூறின் அது பொய்யேயாம். 'குடியேன்' என்பதோ இனி நிகழ்வதைப் பற்றியது. அதன்கண் கூறுவோனது விருப்பமும் உண்டு, அவன் ஆற்றலும் உண்டு, அவனைச் சூழ்ந்தனவும் உண்டு. விருப்பத்தளவில் அவன் கூறியது மெய்யே. ஆற்றலைப் பற்றி அவன் கூறியது தன் மதிப்பேயன்றித் துணிந்த அறிவன்று. கருத்தே இன்றி நாவளவில் உறுதி கூறினவன் பொய்யனே. அவனுக்காக யாம் ஈண்டு வழக்காட வந்திலேம்.

இக்காலத்து உளநூலார் இவ்வேறுபாட்டை எண்ணிட்டு அளந்திருக்கின்றனர். ஐசக் அய்சன் என்னும் பேராசிரியர் 1985-ஆம் ஆண்டில் வகுத்து 1991-இல் விரித்துரைத்த கொள்கையின்படி, செயலுக்கு அணிமைக் காரணம் கருத்து. அச்செயலை நன்றென்றோ தீதென்றோ மதித்தலும், சுற்றத்தார் தன்பால் எதிர்நோக்குவது இதுவென எண்ணுதலும், 'இது என்னால் இயலும்' என்னும் உணர்வும் அக்கருத்தைப் பிறப்பிப்பன. இவற்றுள் இறுதியில் நின்ற உணர்வு கருத்தை விளைத்தலோடமையாது, செயலையும் நேரே முன்னறிவிக்கும் என்பர். 2001-இல் ஆர்மிடேஜ், கானர் என்னும் இருவர் இத்தகைய 185 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். மாந்தர்தம் கருத்தினிடைக் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு 39 பங்கும், செயலினிடைக் காணும் வேறுபாட்டில் 27 பங்கும் விளக்கமுற்றன. நூற்றுவரில் இருபத்தெழுவரே சொற்காத்தனர் என்பது இதன் பொருளன்று. ஒருவன் செய்ய மற்றொருவன் செய்யாதொழிந்த வேற்றுமையில், அவ்விருவர் கருத்தையும் இயலுமென்னும் உணர்வையும் கொண்டு முன்கூட்டிச் சொல்லத்தக்கது அத்துணைப் பங்கே என்க.

அற்றேல், செயல் கணக்கில் அடங்குமாயின் வினை உயிர்க்கு உரித்தாதல் யாங்ஙனம் எனின், கணக்குப் பலரது தொகுதியைப் பற்றியது. இன்னான் இன்று வழுவுவன் என்று அஃது ஒருவனைச் சுட்டித் துணியமாட்டாது. இனி, எஞ்சிய 73 பங்கே உயிரின் சுதந்தரம் என்று மகிழ்வாரும் உளர். அதுவும் பொருந்தாது. பழக்கமும், அளக்கும் கருவியின் குறைவும், கணக்கிற் கொள்ளாத பிற ஏதுக்களும் அவ்வெச்சத்துட் கலந்து கிடக்கும். பிறர் அறியாமையின் இடுக்கிலே உயிரை நிறுத்திக் காப்பது சித்தாந்தம் அன்று.

ஆணவத்தால் மறைப்புண்ட உயிரின் கிரியையைக் கலையும், ஞானத்தை வித்தையும், இச்சையை அராகமும் ஒருசிறிதே விளக்குமென்பது நம் நூற்றுணிபு. இச்சை எழுந்த அளவிற்கே கிரியையும் எழும் என்னும் நியதி அங்கு யாண்டும் இல்லை. 'என்னால் இயலும்' என்பது இச்சையுமன்று, கிரியையுமன்று. தன் கிரியையைப் பற்றித் தான் கொண்ட அறிவு. அதுவும் சிறிதே விளங்கியதாகலின், உள்ளதை மிகுத்தும் குறைத்தும் மதிக்கும். அவ்வுணர்வு உண்மையாற்றலோடு ஒத்த அளவிலேயே செயலை முன்னறிவிக்கும் என்று அய்சனும் வரையறை செய்தார். இரண்டு நூலும் ஒன்றே என்று கூறேம். அவர் எத்துணை என அளக்கின்றார். நம் ஆசிரியர் எதனால் என உரைக்கின்றனர்.

சேலம் ஜில்லாவின் வரலாறு இதனை விளக்கும். இராசகோபாலாச்சாரியார் 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திற் காந்தி ஆசிரமம் அமைத்து, மதுவொழிப்பிற்கென 'விமோசனம்' என்னும் இதழும் நடத்தினார். அது மக்கள் கருத்தைத் திருத்தும் முயற்சி. பின்னர் அவர் சென்னை மாகாண முதலமைச்சரானபோது, 1937 அக்டோபர் 1-ஆம் நாள், நாமக்கல்லை உள்ளடக்கிய அந்நாளைச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அது சூழலைத் திருத்தும் முயற்சி. இதழாலும் சொல்லாலும் கருத்தை வளர்த்தவரே கடையை மூடவும் துணிந்தார் என்பதனால், கருத்தொன்றே போதாது என்பதை அவர் கண்டுகொண்டார் என யாம் கருதுகின்றேம். 1971-இல் தமிழ்நாட்டில் விலக்கு நீங்கியதும், 2003 முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடை நடத்துவதும் யாவரும் அறிந்தன.

கடையில்லாமையாற் குடியாதவனுக்கு வரும் புண்ணியம் யாதென வினவுவாருளர். தனியே ஒரு புண்ணியம் இலதாகுக. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. சந்தையினின்று கூலிப்பணத்தோடு மீள்வோன் கடையைச் சாராத மாலைப்பொழுதில் மனைவி மக்களையேனும் சார்வன்; நற்பேறுடையனாயின் திருக்கோயிலையும் சார்வன்.

பீட்டர் கோல்விட்சர் என்னும் உளநூலார், 'இன்ன இடத்து இன்னது நேரின் இன்னது செய்வேன்' என்று வரையறுத்துக்கொண்ட உறுதி வெற்றுறுதியினும் மிகுதியாக நிறைவேறும் என்று 1999-இல் எடுத்துக்காட்டினார். ஆகலின் வழுவி மீண்டும் வந்தானை, 'ஏன் பொய்த்தாய்' என்பதன்முன் பிற சில வினவுதல் வேண்டும். விசைத்தறிக் கூலியாயின், கூலி வாங்கும் நாளில் எத்தெருவழியே வீடு திரும்புகின்றான், உடன் வருவார் யாவர். நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டிச் செல்வோனாயின், இரவில் எங்கே தங்குகின்றான், யாருடன் உண்கின்றான். இவற்றிற்கு விடை பெற்று, அவ்வழியை மாற்றவும் அந்திப் பூசைக்கு அவனை உடனழைத்து வரவும் அடியாருள் ஒருவரை நியமித்த பின்னரே, உறுதிமொழியை மீளச் சொல்வித்தல் தக்கது.